இந்திய அரசமைப்புச் சட்டம், கையடக்கப் பதிப்பு: புதிதாக எழுதச் சொல்வோர் வாசிக்க வேண்டிய அடிக்குறிப்புகள்

ஒன்றியச் சட்ட அமைச்சகம் வெளியிடும் அதிகாரபூர்வப் பாடத்தை அப்படியே எடுத்து, 2023ஆம் ஆண்டின் 106ஆவது திருத்தம் வரை சேர்த்து அச்சிட்ட கையடக்கப் பதிப்பு இது. சென்னைப் பாரிமுனையில் உயர் நீதிமன்றத்தைச் சுற்றியுள்ள சட்டப் புத்தகக் கடைகளில் கேட்டால் இத்தகைய பதிப்புகள் பல கிடைக்கும். சில நூறு ரூபாய்தான் விலை. வழக்கறிஞர்களும் போட்டித் தேர்வு எழுதுபவர்களும் மட்டுமே வாங்க வேண்டிய புத்தகம் என்று மற்றவர்கள் இதைக் கடந்துபோய்விடுகிறார்கள். நான் இதை மதிப்பிடுவது வேறு வகை வாசகருக்காக. எழுபத்தைந்து ஆண்டுகளைக் கடந்துவிட்ட இந்தச் சட்டத்தை ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாக ஒன்றை எழுதிக்கொள்ளலாம் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. அதற்கு உடன்படுவதா மறுப்பதா என்று தாமே வாசித்துத் தீர்மானிக்க விரும்பும் குடிமக்களுக்கு இந்தப் பதிப்பு உதவுமா என்பதே என் கேள்வி.

அந்தப் பேச்சு நேற்று முளைத்ததல்ல. 2000ஆம் ஆண்டில் வாஜ்பாய் அரசு, உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி எம்.என். வெங்கடாசலையா தலைமையில் அரசமைப்பின் செயல்பாட்டை ஆராய ஓர் ஆணையத்தை அமைத்தது. அந்த ஆண்டு ஜனவரியில் நாடாளுமன்ற மைய மண்டபத்தில் பேசிய குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன், தோற்றது அரசமைப்பா அல்லது அதை நடத்திய நாமா என்று எண்ணிப் பார்க்கச் சொன்னார். 2022 பிப்ரவரியில் தெலங்கானாவின் அப்போதைய முதலமைச்சர் கே. சந்திரசேகர ராவ் புதிய அரசமைப்பு தேவை என்றார். 2023 ஆகஸ்டில், பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழுத் தலைவராக இருந்த பிபேக் தேவ்ராய், இப்போதைய சட்டம் பெருமளவுக்கு 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தை ஒட்டியது என்றும், உலகில் எழுதப்பட்ட அரசமைப்புகளின் சராசரி ஆயுள் 17 ஆண்டுகளே என்று ஓர் ஆய்வு கூறுவதாகவும் சுட்டிக்காட்டி, புதிதாகச் சிந்திக்க வேண்டும் என்று எழுதினார். அது அவருடைய சொந்தக் கருத்து என்று குழு விளக்கம் அளித்தது. இவர்கள் ஒரே அரசியலைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஆகவே இந்தக் கோரிக்கையை ஒரு கட்சியின் சூழ்ச்சி என்று தள்ளிவிடாமல், அதற்குரிய மதிப்போடு பரிசீலிப்பதே சரி.

பரிசீலிக்க வேண்டுமானால் முதலில் இருப்பதை வாசிக்க வேண்டும், அதுவும் அடிக்குறிப்புகளோடு வாசிக்க வேண்டும். இந்தப் பதிப்பின் உயிரே அங்கேதான் இருக்கிறது. பின்னாளில் நுழைந்த சொற்கள் சதுர அடைப்புக்குறிக்குள் இருக்கும். அதன் முனையில் ஒரு சிறிய எண் நிற்கும். பக்கத்தின் அடியில் எந்தத் திருத்தச் சட்டம், எந்த ஆண்டு, எந்த நாள் முதல் நடைமுறைக்கு வந்தது என்பது இருக்கும். நீக்கப்பட்ட இடங்களில் நட்சத்திரக் குறிகள் வரிசையாக நிற்கும். முகப்புரையிலேயே இது தொடங்கிவிடுகிறது. சமதர்மம், சமயச்சார்பின்மை ஆகிய இரண்டும் 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தால் 3-1-1977 முதல் சேர்க்கப்பட்டவை என்பதை அடியில் பார்க்கலாம். நிலம் வாங்குபவர் வில்லங்கச் சான்றிதழ் பார்ப்பதைப் போல, இந்தச் சட்டத்தின் ஒவ்வொரு சொல்லும் யார் காலத்தில், எப்படிக் கைமாறியது என்பதை இந்த அடிக்குறிப்புகளில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு பக்கத்தைப் பார்த்தால் போதும் என்று யாராவது கேட்டால் ஏழாவது அட்டவணையின் இரண்டாம் பட்டியலை, அதாவது மாநிலங்கள் சட்டம் இயற்றுவதற்கென ஒதுக்கிய பொருள்களைக் கொண்ட மாநிலப் பட்டியலைத் திறக்கச் சொல்வேன். 10ஆவது பதிவு இடுகாடுகளையும் சுடுகாடுகளையும் பற்றியது. 12ஆவது பதிவு மாநிலத்தின் நூலகங்களையும் அருங்காட்சியகங்களையும் பற்றியது. இரண்டுக்கும் நடுவில் 11 என்ற எண்ணுக்கு எதிரே நட்சத்திரக் குறிகள் மட்டும் இருக்கின்றன. அங்கே இருந்தது கல்வி. நெருக்கடி நிலையின்போது, எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருக்கையில் நிறைவேறிய 42ஆவது திருத்தம் அதை அங்கிருந்து எடுத்து, ஒன்றியமும் மாநிலங்களும் சட்டம் இயற்றக்கூடிய மூன்றாம் பட்டியலான பொதுப் பட்டியலின் 25ஆவது பதிவில் தொழில்நுட்பக் கல்வி, மருத்துவக் கல்வி, பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்தது. அதே பட்டியலில் இன்னும் கீழே வந்தால் 19, 20, 29 ஆகிய எண்களும் வெறுமையாக இருப்பதைப் பார்க்கலாம். காடுகள், வன விலங்குகள் பாதுகாப்பு, எடைகளும் அளவுகளும் அவ்வாறே போயின. நெருக்கடி நிலைக்குப் பின் வந்த ஜனதா அரசு 43, 44ஆவது திருத்தங்களால் அந்தக் காலக் கேடுகள் பலவற்றைச் சரிசெய்தது. ஆனால் இந்த வெற்றிடங்கள் இன்றளவும் நிரப்பப்படவில்லை.

தமிழ்நாட்டு வாசகருக்கு அந்த நட்சத்திரக் குறிகளின் பொருள் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. மருத்துவப் படிப்புச் சேர்க்கையில் நீட் தேர்விலிருந்து விலக்குக் கோரித் தமிழ்நாடு சட்டப்பேரவை நிறைவேற்றிய சட்டமுன்வடிவு, குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்குக் காத்திருந்து, ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் பேரவையில் அறிவிக்கப்பட்டது. பொதுப் பட்டியலில் உள்ள ஒரு பொருளைப் பற்றி நாடாளுமன்றச் சட்டத்துக்கு முரணாக மாநிலம் சட்டம் இயற்றினால், 254ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றால்தான் அது நிற்கும். ஒரு தலைமுறை மாணவர்களின் தலைவிதியோடு தொடர்புடைய ஒரு மாற்றம் கையடக்கப் பதிப்பில் ஒற்றை வரி அடிக்குறிப்பாகக் கிடக்கிறது.

இதே புத்தகத்தில் எதிர்த்திசைச் சான்றும் இருக்கிறது. 15ஆவது பிரிவின் நான்காவது உட்பிரிவு, சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பினருக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் தனி ஏற்பாடுகள் செய்ய அரசுக்கு இடம் தருகிறது. அதன் அடிக்குறிப்பு முதலாவது திருத்தம், 18-6-1951 என்கிறது. குடியரசு பிறந்து பதினேழு மாதம்கூட ஆகவில்லை. கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பங்கிட்ட சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையைச் செண்பகம் துரைராஜன் வழக்கில் உயர் நீதிமன்றமும் பிறகு 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் செல்லாதென அறிவித்தன, பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் தெருவில் இறங்கினார்கள், சட்டம் திருத்தப்பட்டது. அரசமைப்பைப் புதிதாக எழுதாமலே ஒரு பெரும் நியாயத்தை அதற்குள் கொண்டுவர முடிந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேறில்லை. ஆனால் அதே முதலாவது திருத்தம்தான், சென்னை அரசு ஓர் இதழைத் தடைசெய்ததை எதிர்த்து ரொமேஷ் தாப்பர் வென்ற வழக்குக்குப் பிறகு, பேச்சுரிமைக்கான கட்டுப்பாடுகளை விரிவாக்கியது என்பதையும் 19ஆவது பிரிவின் அடிக்குறிப்பில் காணலாம். நீதிமன்றத்தின் பார்வையிலிருந்து நிலச் சீர்திருத்தச் சட்டங்களைக் காப்பதற்காக ஒன்பதாவது அட்டவணையை உண்டாக்கியதும் அதே திருத்தம்தான். பின்னாளில் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டுக்கான தமிழ்நாட்டுச் சட்டம் 1994இல் 76ஆவது திருத்தத்தால் அந்த அட்டவணையில் 257ஏ என்ற எண்ணில் சேர்ந்தது. நன்மையும் குறைபாடும் ஒரே சட்டத்தின் மூலம் வந்ததை ஒளிக்காமல் காட்டுவதால்தான் இந்தப் பதிப்பை நம்புகிறேன்.

இன்னொரு சிறப்பு, செத்துப்போன வரிகளையும் இது அச்சில் வைத்திருப்பது. 368ஆவது பிரிவுக்கு வாருங்கள். அரசமைப்பைத் திருத்தும் நாடாளுமன்ற அதிகாரத்துக்கு எந்த வரம்பும் இல்லை, எந்தத் திருத்தத்தையும் நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்று சொல்லும் நான்காவது, ஐந்தாவது உட்பிரிவுகள் அங்கே இன்றும் இருக்கின்றன. கீழே உள்ள குறிப்பைப் படிக்காதவர் அவை நடைமுறையில் உள்ளன என்றே நினைப்பார். 1980இல் மினர்வா மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவற்றைச் செல்லாதென அறிவித்தது என்பதை அடிக்குறிப்புதான் சொல்கிறது. தேசிய நீதிபதிகள் நியமன ஆணையத்தைப் பற்றிய 124ஏ பிரிவும் அப்படித்தான்: 99ஆவது திருத்தத்தால் வந்து, 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தால் செல்லாததாக்கப்பட்டு, அச்சில் மட்டும் நீடிக்கிறது. ஜம்மு காஷ்மீருக்குத் தனித்தகுதி தந்த 370ஆவது பிரிவுக்கு 2019இல் நேர்ந்ததை அறிய அடிக்குறிப்போடு பின்னிணைப்பையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஒரு வாசகர் வட்டத்துக்காக நான் முன்பு வாங்கிய வேறொரு பதிப்பில், பக்கங்களைக் குறைப்பதற்காகவோ பார்வைக்குத் துப்புரவாக இருப்பதற்காகவோ அடிக்குறிப்புகளை முழுவதுமாக நீக்கியிருந்தார்கள். நட்சத்திரக் குறிகளையும் எடுத்துவிட்டு, மாநிலப் பட்டியலில் 10க்குப் பின் நேராக 12 என்று அச்சிட்டிருந்தார்கள். வட்டத்தில் இருந்த கல்லூரி மாணவி ஒருவர் அதை அச்சுப் பிழை என்று எண்ணிப் பென்சிலால் வட்டமிட்டுக் கேட்டார். கல்வி அங்கே இருந்தது என்பதைச் சொல்ல அந்தப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. பரிசளிப்பதற்காக விற்கப்படும், நந்தலால் போஸ் குழுவினரின் ஓவியங்களோடு கூடிய கையெழுத்துப் பிரதியின் நகல் மிக அழகானது. ஆனால் அது 1950ஆம் ஆண்டின் பாடம், இன்றைய சட்டத்தை அறிய அது உதவாது.

அடிக்குறிப்பில்லாத அந்தப் பதிப்பைப் பார்த்தபோதுதான், புதிதாக எழுதுவது என்றால் என்ன என்பது எனக்குத் திட்டவட்டமாகப் புரிந்தது. புதிய அரசமைப்பில் அடைப்புக்குறிகள் இருக்காது, நட்சத்திரக் குறிகள் இருக்காது. கல்வி அதில் ஒன்றியப் பட்டியலில் இருக்கலாம், பொதுப் பட்டியலில் இருக்கலாம். எங்கிருந்தாலும் தொடக்கத்திலிருந்தே அங்கேதான் இருந்தது போல இருக்கும். மாநிலங்கள் எதைக் கொடுத்துவிட்டு நிற்கின்றன என்பதற்கான எழுத்துச் சான்று நடைமுறைச் சட்டத்திலிருந்து வரலாற்று ஆய்வாளரின் மேசைக்குப் போய்விடும். இழந்ததைத் திரும்பக் கேட்பவரின் கையில் இருக்கும் பத்திரத்தைப் பிடுங்குவதற்கு ஒப்பானது இது. நான் புதிய அரசமைப்பை எதிர்ப்பதற்கு முதல் காரணம் இதுவே.

இரண்டாவது காரணத்தைத் தமிழ் வாசகர்கள் பாக்கு நீரிணைக்கு அப்பால் பார்த்தே அறிந்துகொள்ளலாம். இலங்கை 1948இல் விடுதலை பெற்றபோது இருந்த சோல்பரி அரசமைப்பின் 29ஆவது பிரிவு, எந்த ஒரு சமூகத்துக்கும் மதத்துக்கும் மட்டும் தீங்கோ தனிச்சலுகையோ விளைவிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக்கூடாது என்று தடுத்தது. மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டத்தையோ, 1956இன் தனிச் சிங்களச் சட்டத்தையோ அந்தப் பிரிவால் தடுக்க முடியவில்லை என்பது உண்மை. இருந்தாலும் வழக்காடுவதற்கு ஒரு பிடியாக அது இருந்தது. 1970 தேர்தலில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இடங்களை வென்ற ஐக்கிய முன்னணி, குடியேற்ற ஆட்சியின் எச்சத்தை ஒழித்துச் சொந்த மண்ணில் வேரூன்றிய அரசமைப்பை எழுதப்போவதாக அறிவித்தது. தமிழரசுக் கட்சி முன்வைத்த கூட்டாட்சித் திட்டமும் மொழித் திருத்தங்களும் தோற்கடிக்கப்பட்டன. அக்கட்சி 1971 ஜூனில் அரசமைப்பு நிர்ணய சபையிலிருந்து வெளியேறியது. 1972 மே 22இல் நடைமுறைக்கு வந்த சட்டம் ஒற்றையாட்சியை எழுத்தில் பதித்தது, பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்தது, 29ஆவது பிரிவைக் கைவிட்டது. தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகம் தம் காங்கேசன்துறைத் தொகுதியைத் துறந்து, இந்த அரசமைப்பைத் தமிழர் ஏற்கவில்லை என்பதை மக்கள் முன் வைத்துக் காட்டினார். இடைத்தேர்தலை 1975 பிப்ரவரி வரை இழுத்தடித்தார்கள், அதிலும் அவரே வென்றார். ஆறாண்டுகளில் அதுவும் போய், நாடாளுமன்றத்தில் ஆறில் ஐந்து பங்கைக் கையில் வைத்திருந்த ஜே.ஆர். ஜயவர்தன, அனைத்து வல்லமையும் பொருந்திய குடியரசுத் தலைவர் பதவியோடு 1978 அரசமைப்பைக் கொண்டுவந்தார்.

பெரும்பான்மையின் பலம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில்தான் ஒரு நாட்டுக்குப் புதிய அரசமைப்பை எழுதும் துணிவு வருகிறது. அந்த நேரமே அதை எழுதுவதற்கு மிகவும் ஆகாத நேரம். இலங்கையில் நிலைமை வேறு; அங்கே இன்றிருக்கும் 1978ஆம் ஆண்டுச் சட்டமே அநீதியின் மேல் கட்டப்பட்டது என்பதால், 2024இல் ஆட்சிக்கு வந்த தேசிய மக்கள் சக்தி வாக்களித்திருக்கும் புதிய அரசமைப்பைத் தமிழர்கள் எதிர்பார்ப்பதில் முழு நியாயம் இருக்கிறது. பழையது ஒரு தரப்பின் ஆயுதமாகவே எழுதப்பட்டிருந்தால் அதை மாற்றத்தான் வேண்டும். தென்னாப்பிரிக்கா நிறவெறி அரசமைப்பை மாற்றியது அப்படித்தான்: 1994இல் முதன்முறையாக எல்லா இனத்தவரும் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்கள் எழுதினார்கள், முன்கூட்டியே ஒப்புக்கொண்ட 34 கொள்கைகளுக்கு முழுமையாக இணங்கவில்லை என்று அரசமைப்பு நீதிமன்றம் முதல் வரைவைத் திருப்பி அனுப்பியது, 1996 டிசம்பரில் திருத்திய வரைவையே ஏற்றது. சிலியிலோ, பினோசேயின் இராணுவ ஆட்சி 1980இல் திணித்த சட்டத்தை மாற்ற வேண்டும் என்று 2020 பொதுவாக்கெடுப்பில் 78 விழுக்காட்டினர் கேட்டார்கள். ஆனாலும் 2022 செப்டம்பரில் இடதுசாரிச் சாய்வுடைய வரைவை 62 விழுக்காட்டினர் நிராகரித்தார்கள். 2023 டிசம்பரில் வலதுசாரிகள் எழுதிய இரண்டாவது வரைவும் தோற்றது. பழையதைப் பிடிக்கவில்லை என்பதில் ஒன்றுபட்ட மக்கள், புதியது எது என்பதில் ஒன்றுபடவில்லை.

இந்தியாவின் சட்டம் எவ்வாறு எழுதப்பட்டது என்பதையும் மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். அரசமைப்பு நிர்ணய சபை எல்லா வயதுவந்தோரும் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த சபையன்று. சொத்தும் கல்வியும் உடையவர்களுக்கு மட்டும் வாக்குரிமை இருந்த 1946ஆம் ஆண்டின் மாகாணச் சபைகள் தேர்ந்தெடுத்தது. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் சாயல் அதன் நிர்வாகப் பகுதிகளில் வெளிப்படை. அதை அம்பேத்கரே மறைக்கவில்லை. 1957 நவம்பர் 26இல் பெரியாரின் அழைப்பை ஏற்று ஆயிரக்கணக்கானோர் சாதியைக் காப்பதாகக் கருதிய பகுதிகளை எரித்துச் சிறைக்குப் போனது இந்தச் சட்டத்தின் மீது வைக்கப்பட்ட மிகக் கடுமையான விமர்சனம். அதற்கு இன்னும் முழுமையான விடை தரப்படவில்லை. இவ்வளவுக்குப் பிறகும், சபைக்கு வந்த 7,635 திருத்தங்களில் 2,473ஐ எடுத்து விவாதித்து, மாற்றுக் கருத்துடைய அம்பேத்கரை வரைவுக் குழுவின் தலைவராக்கி, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் வாதாடி எழுதும் பொறுமை இன்றைய அவைகளில் இருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்பதே என் நேர்மையான விடை. சட்டரீதியாகவும் வழி அடைபட்டிருக்கிறது: 1973 ஏப்ரல் 24இல் கேசவானந்த பாரதி வழக்கில் பதின்மூன்று நீதிபதிகளில் எழுவர், நாடாளுமன்றம் திருத்தலாமே தவிர அடிப்படைக் கட்டமைப்பை அழிக்க முடியாது என்று தீர்ப்பளித்தார்கள். அந்தத் தீர்ப்பு நிற்கும்வரை 368ஆவது பிரிவைக் கொண்டு முற்றிலும் வேறொரு சட்டத்தை எழுத முடியாது.

எனவே திருத்தம்தான் வழி. ஆனால் திருத்தங்கள் கேட்க வேண்டிய இடங்களைத் துணிவோடு கேட்க வேண்டும். 356ஆவது பிரிவு, ஆளுநரின் அறிக்கை இல்லாமலும்கூட ஒரு மாநில அரசைக் கலைக்க இடம் தருகிறது. 1991 ஜனவரியில் ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா அறிக்கை தர மறுத்த நிலையிலும் தி.மு.க. அரசைக் கலைக்க அந்த இடமே பயன்பட்டது. 1994இன் எஸ்.ஆர். பொம்மை வழக்குத் தீர்ப்பு அந்த அதிகாரத்துக்குக் கடிவாளம் போட்டிருக்கிறது. சட்டத்தின் எழுத்து மாறவில்லை. 200ஆவது பிரிவில் ஆளுநர் ஒப்புதலுக்குக் கால வரம்பு இல்லை. தமிழ்நாட்டின் பத்துச் சட்டமுன்வடிவுகள் தேங்கிய வழக்கில் 2025 ஏப்ரல் 8இல் உச்ச நீதிமன்றம் கால வரம்பு விதித்து, அவை ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்றது. ஆனால் குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்டதற்கு விடையாக ஐந்து நீதிபதிகள் அமர்வு அதே ஆண்டு நவம்பர் 20இல், நீதிமன்றம் அவ்வாறு கால வரம்பு விதிக்க முடியாது என்றது. நீதிமன்றத்தால் முடியாதென்றால் அதைத் திருத்தம்தான் செய்ய வேண்டும். 1971இல் ராஜமன்னார் குழு மாநிலத் தன்னாட்சிக்காக அளித்த பரிந்துரைகள் அரைநூற்றாண்டு கடந்தும் பெருமளவுக்கு ஏட்டிலேயே இருக்கின்றன. 2025இல் தமிழ்நாடு அரசு நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் மறுபடியும் ஒரு குழுவை அமைத்திருப்பது அந்த வேலை முடியவில்லை என்பதையே காட்டுகிறது.

பதிப்பின் பயனைச் சோதிக்க விரும்புவோர் 82ஆவது பிரிவை எடுத்துக்கொள்ளலாம். மக்களவை இடங்களை மாநிலங்களுக்குப் பங்கிடுவது பற்றிய அந்தப் பிரிவின் மூன்றாவது வரம்புரையில், அதாவது பொது விதிக்கு விலக்குச் சொல்லும் பகுதியில், அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக மூன்று அடுக்குகள் இருக்கின்றன. 42ஆவது திருத்தம் 1971 மக்கள்தொகைக் கணக்கின்படியான பங்கீட்டை 2000 வரை உறையவைத்தது. 84ஆவது திருத்தம் அதை 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. 87ஆவது திருத்தம் மாநிலத்துக்குள் தொகுதி எல்லைகளை வரைய மட்டும் 2001ஆம் ஆண்டுக் கணக்கை ஏற்றது. குடும்பக் கட்டுப்பாட்டைச் செம்மையாக நடத்திய மாநிலங்கள் அதற்காகவே இடங்களை இழக்கக் கூடாது என்பதுதான் அந்த நீட்டிப்புகளின் நியாயம். தமிழ்நாட்டின் 39 இடங்கள் பற்றிய இன்றைய விவாதம் முழுவதும் இந்த ஒரு வரம்புரைக்குள் அடங்கியிருக்கிறது. தொலைக்காட்சி விவாதங்களைப் பல மணி நேரம் பார்த்தும் கிடைக்காத தெளிவு இந்த அரைப்பக்கத்தில் கிடைத்தது.

குறைகளும் உண்டு. அடிக்குறிப்புகளின் எழுத்து மிகச் சிறியது. நாற்பதைத் தாண்டியவர்கள் கண்ணாடி இல்லாமல் வாசிக்க முடியாது, எதை வாசிக்க வேண்டும் என்று இவ்வளவு நேரம் சொன்னேனோ அதுவே கண்ணுக்குத் தப்புகிறது. தாள் மெல்லியது, பென்சிலால் அடிக்கோடிட்டாலும் மறுபக்கம் தடம் விழுகிறது. பொருளடைவு பிரிவுகளின் தலைப்புகளோடு நின்றுவிடுகிறது. கல்வி என்ற சொல்லைத் தேடினால் அடிப்படை உரிமைகளுக்குத்தான் கொண்டுபோய் விடுகிறதே தவிர, ஏழாவது அட்டவணைக்கு அல்ல. திருத்தச் சட்டங்களை ஆண்டு வாரியாகத் தொகுத்து, ஒவ்வொன்றும் எந்த ஆட்சியில், என்ன காரணத்துக்காக வந்தது என்று இரண்டு வரி எழுதிச் சேர்த்திருந்தால் பொது வாசகருக்கு இதைவிடச் சிறந்த புத்தகம் வேறு இருக்காது. இதே பாடம் தமிழிலும் சட்ட அமைச்சகத்தின் சட்டமியற்றல் துறை இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது; அச்சுப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு கைப்பேசியில் தமிழ்ப் பாடத்தை ஒப்பிட்டு வாசிப்பது எனக்கு நன்றாக ஒத்துவந்தது. தமிழ் வாக்கியங்கள் நீளமானவை, ஒரு முறைக்கு இரு முறை வாசித்தால்தான் பிடிபடும். ஆனால் உட்பிரிவுகளின் வரிசை மூலத்தோடு ஒத்திருப்பதால் வழி தவறாது.

வாங்குபவர்கள் முதல் பக்கத்தில் எந்தத் திருத்தம் வரை சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்து, பெண்களுக்கான இடஒதுக்கீட்டைத் தரும் 330ஏ, 332ஏ, 334ஏ பிரிவுகள் உள்ளே இருக்கின்றனவா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அது பழைய இருப்பு. பிறகு மாநிலப் பட்டியலைத் திறந்து 11க்கு எதிரே நட்சத்திரக் குறியும் அடிக்குறிப்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். ஊர் நூலகத்துக்கும் பள்ளிக்கும் பரிசளிப்பவர்கள் ஓவியப் பிரதியைத் தவிர்த்து இதையே இரண்டு படிகள் வாங்கிக் கொடுப்பது நல்லது.